விபிஎன் போட்டும் ஏன் ஓடவில்லை?

போன வாரம் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான், காலேஜ் இரண்டாம் வருஷம். தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவதுதான் பிழைப்பு என்றாலும் பாதி நாள் சந்தேகம் தீர்ப்பதிலேயே போய்விடும். "அண்ணா, போன் சூடாவுது, சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது, நெட்டு மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடுது" என்றான். வாங்கிப் பார்த்தால் திரையின் மேல் ஓரத்தில் குட்டிச் சாவிப் படம். உள்ளே மூன்று இலவச விபிஎன் ஆப், அதாவது நெட்டில் வேறு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போகிற ஆப். எதுக்குடா இத்தனை என்றால், துபாயில் இருக்கிற அக்கா தன் குழந்தையின் வீடியோவை டிக்டாக்கில் போட்டுவிட்டு லிங்க் அனுப்புகிறாளாம், இங்கே திறக்கமாட்டேன் என்கிறதாம். "மூணு விபிஎன் போட்டும் ஓடல அண்ணா."

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? அவசரம் என்றால் அரூர் போய் மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலத்தில் இறங்குவோம். நேரம் ஆகும், டீசல் ஆகும், ஆனால் போய்ச் சேரலாம். அதுவே சேலத்தில் நாம் போக வேண்டிய கடையைப் பூட்டி வைத்திருந்தால்? தொப்பூர் வழியாகப் போனால் என்ன, மஞ்சவாடி வழியாகப் போனால் என்ன, பூட்டின கடை பூட்டினதுதான். 'தடை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இந்த இரண்டும் இருக்கின்றன, இன்னும் நாலைந்து வகையும் இருக்கின்றன. விபிஎன் என்பது மஞ்சவாடி. ரோடு அடைத்தால்தான் அதற்கு வேலை.

முதலில் உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69ஏ. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, வெளிநாட்டு உறவு என்று அதில் எழுதியிருக்கும் காரணங்களுக்காக மத்திய அரசு ஒரு தளத்தையோ பதிவையோ முடக்கச் சொல்லலாம். சொன்னபடி செய்யாத நிறுவனத்துக்கு 7 வருடம் வரை சிறை. அந்தத் தண்டனை நிறுவனத்துக்குத்தான், பார்க்கிற நமக்கு இல்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் மனம் புண்படும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்ததே, அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றும் சொல்லிவிட்டது. 69ஏ-வுக்காக 2009-ல் போட்ட விதிகளின்படி இந்த உத்தரவுகள் ரகசியம், அதனால் பல நேரம் எது ஏன் முடங்கியது என்றே நமக்குத் தெரியாது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ரோட்டை மூடினால் ஒரு போர்டாவது வைக்க வேண்டாமா?

சரி, தடையை எங்கே போடுகிறார்கள்? லேசான தடை ஆப் ஸ்டோரில். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை சொன்னது ஞாபகம் இருக்கலாம். கூகுளும் ஆப்பிளும் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே போனில் இருந்தவர்களுக்கு அது பாட்டுக்கு ஓடியது, இல்லாதவர்கள் பக்கத்து ஆளிடம் ஷேர்இட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 24 அன்று தடையும் போய்விட்டது. 2020 ஜூன் 29 அன்று வந்தது வேறு ரகம். 59 ஆப்கள், எல்லாம் சீனத் தொடர்புள்ளவை. அந்தப் பட்டியலில் ஷேர்இட்டும் இருந்தது, கொடுத்து வாங்கின வண்டியையும் சேர்த்தே நிறுத்தினார்கள்! ஸ்டோரிலிருந்து போனது, நெட் கம்பெனிகள் அடைத்தன, எல்லாவற்றுக்கும் மேலாக டிக்டாக் நிறுவனமே உத்தரவுக்குக் கட்டுப்பட்டு இந்தியர்களுக்குக் கடையைப் பூட்டிவிட்டது.

தம்பியின் விபிஎன் முட்டி நின்ற இடம் இதுதான். கம்பெனியே பூட்டினால், நீ எந்த நாட்டு ஐபி முகவரியில் (நெட்டில் உன் இணைப்புக்குக் கொடுத்திருக்கும் எண்) வருகிறாய் என்று மட்டும் பார்க்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. போனில் போட்டிருக்கும் சிம் எந்த நாட்டுடையது என்பதையும் ஆப் பார்க்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் சிம்மில் ஒரு எண் உண்டு, இந்தியாவுக்கு 404, 405. விபிஎன் உன்னை சிங்கப்பூர்க்காரன் என்று காட்டும், சிம் நீ தர்மபுரிக்காரன் என்று போட்டுக்கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு சோஷியல் மீடியா கணக்கு கூடாது என்று போட்ட சட்டமும் கடைக்காரரிடமே பூட்டைக் கொடுப்பதுதான்.

அடுத்தது ரோட்டில் போடுகிற தடைகள். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

நீங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், போன் முதலில் அந்தப் பெயருக்கு உரிய ஐபி எண் என்ன என்று விசாரிக்கும். விசாரிக்கிற இடத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர், ஊர் முனை டீக்கடையில் வழி கேட்கிற மாதிரி. சாதாரணமாக அந்த டீக்கடை உங்கள் நெட் கம்பெனியுடையதாகவே இருக்கும். அரசு அவர்களிடம், இந்தப் பெயரைக் கேட்டால் தெரியாது என்று சொல் என்றால் வேலை முடிந்தது. இதுதான் செலவில்லாத தடை, தாண்டுவதற்கும் சுலபம், வேறு டீக்கடையில் கேட்க வேண்டியதுதான். 2014 மார்ச்சில் துருக்கி ட்விட்டரை முடக்கியபோது இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று பெயிண்டில் எழுதிவைத்தார்கள். கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ்ஸின் எண் அது. நம் ஊரில் கட்சிச் சின்னம் எழுதுகிற மாதிரி அங்கே சுவரில் ஐபி முகவரி! சில நாளில் அரசு அந்த எண்ணையே அடைத்துவிட்டது என்பது பிற்பாடு.

பெயரை விட்டுவிட்டு எண்ணையே அடைப்பது அடுத்த வகை. இதில் வம்பு என்னவென்றால் ஒரே எண்ணில் ஆயிரம் தளங்கள் குடியிருக்கும், அடுக்குமாடி வீடு மாதிரி. 2018 ஏப்ரலில் ரஷ்யா டெலிகிராமை முடக்கப் போனது. டெலிகிராம் அமேசான், கூகுள் சர்வர்களுக்கு மாறி மாறி ஓட, ரஷ்யா பின்னாலேயே துரத்தி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை அடைத்தது. சம்பந்தமே இல்லாத கடைகளும் ஆன்லைன் சேவைகளும் படுத்தன, டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை எடுத்துவிட்டார்கள்.

இதையும் மிஞ்சியது பாகிஸ்தான் கதை. 2008 பிப்ரவரி 24, யூடியூபை அடைக்கச் சொல்லி அங்கே உத்தரவு. அந்த நாட்டுத் தொலைபேசி நிறுவனம் யூடியூபுக்கு வழி இதோ எங்களிடம் என்று ஒரு பொய் வழிகாட்டிப் பலகையை வைத்து, வருகிறதையெல்லாம் குழியில் தள்ளுகிற மாதிரி ஏற்பாடு செய்தது. பலகை நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியது, ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே கசிந்து உலகத்தில் நெட்டுக்கு வழிகாட்டுகிற ரூட்டர்கள் எல்லாம் அதை நம்பிவிட்டன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. தொப்பூரில் யாரோ பெங்களூர் இந்தப் பக்கம் என்று கல்குவாரியைக் காட்டி அம்புக்குறி போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இப்போது நம்மூரில் நெட் கம்பெனிகள் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். பிரவுசரில் பூட்டுப் படம் போட்டு வருகிற தளங்களில் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாது, எல்லாம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். ஆனால் தொடர்பு ஆரம்பிக்கும்போது எந்தத் தளம் வேண்டும் என்று போன் ஒரு தடவை வெளிப்படையாகப் பெயர் சொல்லும், எஸ்என்ஐ என்பார்கள். ஒட்டிய கவரின் மேல் எழுதிய விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைப் பார்த்த உடனே இணைப்பை அறுத்துவிடலாம். டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் சில கம்பெனி சிம்மில் தளம் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஒரு சிம்மில் திறப்பது இன்னொன்றில் திறக்காது.

இந்த விலாச விஷயத்தில் ஒரு பெரிய விளைவு உண்டு. கவரைப் பிரிக்க முடியாது என்பதால் உள்ளே இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் நெட் கம்பெனியால் நிறுத்த முடியாது, நிறுத்தினால் வீட்டுக்கு வருகிற தபால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டும். துருக்கி 2017 ஏப்ரலில் ஒன்றிரண்டு கட்டுரைகளுக்காக விக்கிப்பீடியா முழுவதையும், எல்லா மொழியிலும், அடைத்து 2020 ஜனவரி வரை வைத்திருந்தது. அவ்வளவு தூரம் போவானேன், 2025 பிப்ரவரியில் விகடன் தளம் பலருக்குத் திறக்காமல் போனதே. பிரதமரையும் டிரம்ப்பையும் வைத்துப் போட்ட ஒரு கார்ட்டூன்தான் விவகாரம், ஆனால் முடங்கியது மொத்தத் தளமும். அந்தக் கார்ட்டூன் பக்கத்தை எடுத்துவைத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடலாம் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு படத்துக்காக அத்தனை வருடப் பத்திரிகையையும் பூட்டுவது அரசின் கோபம் மட்டுமில்லை, பூட்டின் அளவும் அப்படி.

இன்னும் ஒரு படி மேலே போனால், கவரைப் பிரிக்காமல் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து உள்ளே என்ன என்று கணிப்பது. வாட்ஸ்அப் மெசேஜ் போகிற விதமும் கால் போகிற விதமும் வேறு, கால் என்றால் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இடைவிடாமல் ஒரே சீராக ஓடும். தம்பியின் அக்கா இருக்கும் அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், போட்டோ போகும், கால் மட்டும் போகாது. அதனால்தான் துபாய்க்குப் போன நம் ஊர்க்காரர்கள் எல்லாரும், அங்கே கால் பேச அனுமதியுள்ள போடிம் ஆப் ஏற்று என்று வீட்டுக்குச் சொல்வது. விபிஎன் ஓட்டத்தையும் இதே மாதிரி கணித்துப் பிடிக்கலாம். சீனா இதில் கைதேர்ந்தது.

கடைசி வகைக்கு விளக்கமே தேவையில்லை, ஒயரைப் பிடுங்குவது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள். தர்மபுரி வழியாகப் போகிற இதே என்எச் 44 வடக்கே போய் முடிகிற ஸ்ரீநகரில், 2019 ஆகஸ்ட் 5 முதல் நெட் இல்லை. 2020 ஜனவரியில் திரும்பி வந்தபோது 2ஜி, அதுவும் பட்டியலில் உள்ள 301 தளங்கள் மட்டும் என்று தலைகீழ்த் தடை: எதை மூடுவது என்ற பட்டியல் இல்லை, எதைத் திறப்பது என்ற பட்டியல். 4ஜி வர 2021 பிப்ரவரி 5 ஆகிவிட்டது. ஒயரே இல்லாதபோது விபிஎன் ஒரு ஐகான், அவ்வளவுதான். புளூடூத்தில் போனுக்குப் போன் தாவிப்போகும் பிரையர் மாதிரி ஆப்கள் கொஞ்ச தூரத்துக்கு உதவும், அதையும் 2023 மே மாதம் முடக்கிய 14 ஆப்களில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது சுற்றுவழிக்கு வருவோம். விபிஎன் எப்படி வேலை செய்கிறது என்றால், தார்ப்பாய் கட்டின லாரி. ஓசூர் தாண்டி கர்நாடக எல்லையில் இருக்கும் ஜுஜுவாடியில் நின்று பார்க்கிறவருக்கு பெங்களூரில் இருக்கிற ஒரு குடோனுக்கு லாரி போகிறது என்பது மட்டும் தெரியும், உள்ளே தக்காளியா மாங்காயா தெரியாது. குடோனில் சரக்கை இறக்கி, பிரித்து, அங்கிருந்து உரிய கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரருக்கு சரக்கு பெங்களூரிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். டிஎன்எஸ், எண், விலாசம் என்று ரோட்டில் போடுகிற மூன்று தடையையும் இது ஒரே அடியில் தாண்டும். அரசு என்ன செய்யும்? குடோன்களின் விலாசத்தைத் தேடிப்பிடித்து அதை அடைக்கும். குடோன் இடம் மாறும்.

டோர் என்று ஒன்று உண்டு, மூன்று குடோன் வழியாகச் சரக்கை மாற்றி மாற்றி அனுப்புவது. முதல் குடோனுக்கு அனுப்பியவர் யார் என்று தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் குடோனுக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் முளைத்த யோசனை இது. மெதுவாக இருக்கும், வீடியோ பார்க்க லாயக்கில்லை. டோரின் குடோன் பட்டியல் பகிரங்கமாக இருப்பதால் அதையே நாடுகள் அடைத்துவிடும், அதற்காகப் பட்டியலில் வராத ரகசிய வாசல்கள் வைத்திருக்கிறார்கள். ஸ்னோஃபிளேக் என்பது அதில் அழகான ஏற்பாடு, உலகத்தில் எங்கோ ஒருவர் தன் பிரவுசரைச் சற்று நேரம் வாசலாகக் கொடுப்பார், வெளியிலிருந்து பார்த்தால் வீடியோ கால் மாதிரி இருக்கும். கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த சைஃபன் என்ற ஆப், ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தானே தேடும் ரகம்.

எல்லாம் சரி, குடோன்காரர் யார்? நான் கடையில் ஒவ்வொருவரிடமும் கேட்கிற கேள்வி இதுதான், பதில் வந்ததே இல்லை. விபிஎன் போட்ட நிமிஷம் உங்கள் நெட் கம்பெனிக்குத் தெரிந்துகொண்டிருந்த விலாசங்கள் எல்லாம் குடோன்காரருக்குப் போய்விடுகின்றன. பாஸ்வேர்டு உடனே தெரிந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன், பூட்டுப் படம் போட்ட தளங்களில் உள்ளே இருப்பது அவருக்கும் தெரியாது. ஆனால் எந்த நேரத்தில் எந்தத் தளம், எத்தனை நேரம் என்று தெரியும், அதற்குச் சந்தையில் விலை உண்டு. ஓனாவோ என்று ஒரு இலவச விபிஎன் இருந்தது, 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது, மக்கள் வேறு எந்த ஆப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்க்க அதையே பயன்படுத்தினார்கள். 2018-ல் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து போய், அடுத்த வருடம் மூடியே விட்டார்கள். ஹோலா என்ற இன்னொன்று இலவசமாகச் சேர்ந்தவர்களின் நெட் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது 2015-ல் வெளியே வந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் யாரோ வந்து படுத்துவிட்டுப் போகிற கதை.

காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு, விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ஐபி விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. பேரேடு எழுத மாட்டோம் என்று எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவிலிருந்து சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

விபிஎன் போட்டால் போலீஸ் பிடிக்குமா? நாடு முழுக்க விபிஎன்னுக்குத் தடை என்று இந்தியாவில் சட்டம் இல்லை, ஆபீஸ் வேலையே பாதி அதில்தான் ஓடுகிறது, ஓசூர் ஐடி ஆட்களைக் கேட்டால் தெரியும். காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கின்றன. குற்றம் செய்தால் விபிஎன் வழியாகச் செய்தாலும் குற்றம்தான். வெளிநாடுகளில் நிலவரம் கடுமை: 2024 ஆகஸ்ட் கடைசியில் எக்ஸ் தளத்தை முடக்கியபோது விபிஎன் மூலம் நுழைந்தால் நாளொன்றுக்கு 50,000 ரெயால் (பிரேசில் நாணயம்) அபராதம் என்றது பிரேசில் உச்ச நீதிமன்றம். அமீரகத்தில் விபிஎன்னைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் ஆரம்பம். அதனால் அக்காவிடம் எதையாவது ஏற்றச் சொல்லி வைக்காதே என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தடை வேலை செய்கிறதா என்றால், என் அனுபவத்தில் ஆளைப் பொறுத்ததில்லை, தேவையைப் பொறுத்தது. டிக்டாக் தடை இங்கே நிலைத்ததற்குச் சுவர் உயரம் மட்டும் காரணமில்லை. தடை வந்து பத்து நாள் ஆகும் முன்பே, ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது, ராயக்கோட்டை தக்காளித் தோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று போராட்டத்தை அடக்க ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கினார்கள், ஒரு நாள்கூட நிற்கவில்லை. அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, நான் இப்போது பயன்படுத்துகிற மாதிரி விபிஎன் இருக்கும்போது இந்தத் தடைக்கு அர்த்தமில்லை என்று ட்விட்டரில் எழுதினார். தடை போட்ட அரசின் அமைச்சரே மஞ்சவாடி வழியாக வந்துகொண்டிருந்தார்! நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று 26 தளங்களை மூடினார்கள். வீட்டுக்கு வீடு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற நாடு அது. 8 ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்து 19 பேர் செத்தார்கள், அன்று இரவே தடை போனது, மறுநாள் பிரதமர் ஓலியும் போனார். தடை மட்டுமே காரணமில்லை, ஊழல் கோபம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது, ஆனால் தீக்குச்சி அதுதான்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். மூன்றையும் ஏற்றி மூன்றிலும் தானாகத் தொடங்கு என்று வைத்திருந்தான், ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டு நாள் முழுக்க மல்லுக்கட்டியதில்தான் சூடு. பேட்டரிக் கணக்கில் பாதியை அதுகளே தின்றிருந்தன. ஒன்று ஸ்டோரில் இல்லாதது, யாரோ டெலிகிராமில் அனுப்பிய ஏபிகே (ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஏற்றுகிற ஆப் ஃபைல்), அதற்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வேறு கொடுத்திருந்தான். ஓடிபி வருகிற இடம். சரக்கைத் தூக்க விபிஎன்னுக்கு எஸ்எம்எஸ் எதற்கு? முதலில் அதைத் தூக்கினேன், பிறகு மற்ற இரண்டையும். கூகுள் பே பின்னையும் பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன்.

"அப்ப வீடியோ அண்ணா?" என்றான்.

அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடு, டிக்டாக்கில் பகிர்வதற்கான பட்டனைத் தொட்டால் வீடியோவை சேவ் பண்ணலாம், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு என்றேன். அங்கே கால்தான் போகாது, வீடியோ போகும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. நாற்பது விநாடி. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கிறது, பின்னால் அக்கா "மாமா கிட்ட போ, மாமா கிட்ட போ" என்கிறாள். கடையில் நின்றபடியே மூன்று தடவை பார்த்துவிட்டு, சார்ஜிங் பின்னையும் ஒரு தடவை பார்த்துடுங்கண்ணா என்று போனை நீட்டினான்.